வால் வண்டிக்காரி

வெர்னா டோலஃப்சன் வாங்கிய புது டிரெய்லரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. டிரெய்லர் என்றால் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். முன்வண்டி திரும்பினால் அது கொஞ்சம் தாமதித்து வளைந்து பின்னால் வரவேண்டும். இது வளையாது. அவள் குடித்தனம் நடத்தும் கேம்பர் வண்டியின் பின்பக்கத்தோடு இரண்டு இடத்தில் இரும்புப் பின் போட்டு இறுக்கியிருந்தது. அடியில், கடையில் சாமான் தள்ளும் கூடைவண்டிக்கு இருப்பதுபோல, எந்தப் பக்கமும் சுழலும் இரண்டு குட்டிச் சக்கரங்கள். மேலே அவளுடைய ஹோண்டா பைக், நான்கு பட்டைகளால் இழுத்துக் கட்டப்பட்டு, புறப்படத் தயாரான கோவேறு கழுதைபோல நின்றது.

"இது டிரெய்லர் இல்ல வெர்னா. அலமாரி" என்றார் டெல்மர் கிராஃப்ட்.

"அலமாரிதான். உன் மூளைய வைக்க ஒரு தட்டு காலியா வச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் கொண்டாந்து வை."

ஏப்ரல் பிறந்ததும் அரிசோனாப் பாலைவனத்தில் வெயில் உறைக்க ஆரம்பித்துவிடும். குளிருக்குத் தப்பி வந்து குவார்ட்சைட்டில் வண்டிகளை நிறுத்தியிருக்கும் வட டக்கோட்டாக்காரர்கள் நாற்காலிகளை மடிப்பார்கள். ஊருக்குத் தனித்தனியாகப் போகிற வழக்கமில்லை. பதினோரு வண்டிகளும் ஒரே வரிசையில் போகும். முதல் வண்டி டெல்மருடையது; வழி அவர் பொறுப்பு. கடைசி வண்டிக்கு வால் என்று பெயர். டயர் வெடித்தவர், கூரை ஜன்னல் காற்றில் பறந்தவர், தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் நாயை விட்டுவிட்டு வந்தவர், யாராக இருந்தாலும் வாலைத் தாண்டிப் பின்தங்கக் கூடாது. வால் அவர்களோடு நிற்கும். வண்டியைத் திருப்ப இடமில்லாத சாலைகளில் பைக்கை இறக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும். ஆகவே வாலிடம் பைக் இருக்கவேண்டும். அதைத் தனி ஆளாக இறக்கி ஏற்றவும் தெம்பு வேண்டும். அடுத்தவருக்கு உதவப் போகிறவர் தன் பைக்கை ஏற்ற ஆள் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

இந்த விதியைக் கொண்டுவந்தவளே வெர்னாதான். எட்டு வருடங்களுக்கு முன்னால் வால் எல்டன் ஸ்காரிடம் இருந்தது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள் சாய்பலகையில் ஏற்றும்போது பைக் அவரையும் இழுத்துக்கொண்டு சரிந்தது. அந்த வாரக் கூட்டத்தில் வெர்னா எழுந்து, வாலாக இருப்பவர் தனியாகப் பைக்கை ஏற்றவேண்டும் என்று சொன்னாள். யாரை வைத்துச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். எல்டன் "சரியான பேச்சு" என்றார். அவ்வளவுதான். பைக்கை விற்றுவிட்டார். வால் வெர்னாவுக்கு வந்தது. அவள் அதற்காக வருந்தியதில்லை. கை நடுங்குகிறவர் பைக்கைப் பிடிக்கக் கூடாது.

இப்போது அவளுக்கு அறுபத்தெட்டு வயது. போன கோடையில் இடது முழங்காலை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்கள்.

புறப்படுகிற காலையில் டெல்மர் காப்பிக் கோப்பையோடு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்ட செய்தியைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிவிடுகிற ரகம். கழற்றினார்.

"மனசுல வச்சுக்காதீங்க வெர்னா. விதி விதிதான். இந்தத் தடவை வழியில ஒரு தரமாவது நீங்க தனியா இறக்கி ஏத்தறத நான் பாக்கணும். முடியலைன்னா, நம்ம ஊர் மாண்டான் போய்ச் சேந்ததும் வாலை வேற யாருக்காவது குடுத்துடலாம்."

"யாருக்கு?"

"அது அப்புறம் பாத்துக்கலாம்."

"பத்து வண்டிப் புழுதியையும் தின்னுக்கிட்டு வரணும். எவன் கேக்கறான்?"

"அதில்ல. நீங்க எங்கயாவது பைக்குக்கு அடியில கிடந்தீங்கன்னா உங்க பொண்ணுக்கு யாரு போன் பண்றது?"

"நீ பண்ணாதே. நீ பேசினா அவ நான் செத்துட்டேன்னே நெனச்சுக்குவா. மார்வீனப் பண்ணச் சொல்லு."

மார்வீன் டெல்மரின் மனைவி. தூரத்தில் வண்டியின் படிக்கட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவள், பேர் காதில் விழுந்ததும் கையை ஆட்டினாள்.

வெர்னா சிரித்தபடிதான் பேசினாள். ஆனால் டெல்மர் கேட்டது நியாயம் என்று அவளுக்குத் தெரியும். தாழ்வாக இருக்கிறதே என்றுதான் அந்த டிரெய்லரை வாங்கினாள். குளிர்காலம் முழுக்க, முகாமுக்கு அப்பால், புதர்களுக்குப் பின்னால் கேம்பரைக் கொண்டுபோய் நிறுத்தி, பைக்கை இறக்கி ஏற்றிப் பழகினாள். இறக்குவதில் சிரமமே இல்லை. ஏற்றுவதில் ஒரே ஒரு இடம். பைக் பாதிப் பலகை ஏறியதும் அவளும் டிரெய்லர் தட்டின்மேல் காலெடுத்து வைக்கவேண்டும். அந்த ஒரு எட்டுக்குப் புது முழங்கால் சில நாள் ஒப்புக்கொள்ளும், சில நாள் யோசிக்கும். பால் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் படியாகப் போட்டுக்கொண்டாள். பெரும்பாலும் ஏறிவிட்டது. அந்தப் 'பெரும்பாலும்' அவளோடு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வாலை விடுவதற்கு அவளுக்கு மனமில்லை. கிராஃப்டன் ஊரில் பத்தொன்பது வயதில் சர்க்கரை பீட்ரூட் லாரி ஓட்டியவள் அவள். சர்க்கரை எடுக்கும் அந்தக் கிழங்கின் அறுவடையில் இரவு பகல் கிடையாது. கிழங்குக் குவியலின் இயந்திரத்துக்கு லாரியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் ஒட்டவேண்டும், சேறு, நாலு பக்கமும் ஆண்கள் நின்று, இவள் இடிக்கட்டும் என்று பார்ப்பார்கள். இடித்ததில்லை. பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கணவன் லீலண்டுக்கு வீடு இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். இவளுக்கு அப்படி இல்லை. சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தார்கள். வீடு அவருக்கு, கேம்பர் இவளுக்கு. இப்போதும் கிறிஸ்துமஸ் அன்று போன் செய்து, "எந்த ஊர்ல ஓடிக்கிட்டிருக்கே?" என்று கேட்பார். பைக் ஓட்டக் கற்றது அதற்கப்புறம், நாற்பத்தொன்பது வயதில், தேவாலயத்தின் காலி வாகன நிறுத்தத்தில்.

வரிசையில் மற்ற வண்டிகளில் எல்லாம் ஜோடிகள், அல்லது குடும்பங்கள். நடுவில் போனால் வெர்னா தனியாக வரும் பெண்பிள்ளை. சாயங்காலமானால் யாராவது ஒருத்தி, பாவம் என்று ஒரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் கறியும் சுட்டுக்கொண்டு வந்து நீட்டுவாள். கடைசியில் போனால் அவள் வால். அவளைத் தேடி வருகிறவர்கள் பாத்திரத்தோடு வரமாட்டார்கள், பிரச்சினையோடு வருவார்கள். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

எல்டன் இப்போது மகள் கார்லாவின் வண்டியில், பின்னிருக்கையில் வருகிறார். கார்லாவின் வண்டி வெர்னாவுக்கு நேர் முன்னால். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றுவார்.

"முன்பக்கத்த இவ்வளவு அமுக்கிக் கட்டினா ஷாக்கோட ஆயில் சீல் போயிடும்மா."

"உங்க வாயையும் இப்படிக் கட்டினா என்ன போகும்?"

"என் பொண்ணுக்குத் தலைவலி போகும்" என்பார்.

உட்டாவைத் தாண்டும்வரை பைக்கை இறக்க வேலையே வரவில்லை. வரிசையில் வந்த ஹால்வர்சனின் வண்டியில் ஒரு குழாய் ஒழுகியது. அதற்குப் பைக் தேவைப்படவில்லை. டெல்மர் ஒவ்வொரு மாலையும், "இன்னிக்கும் இல்லியா" என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

வயோமிங்கில் காற்று. நெடுஞ்சாலையில் கனமில்லாத உயர வண்டிகள் போகக் கூடாது என்று பலகை மின்னியது. கேம்பர்கள் எல்லாமே கனமில்லாத உயர வண்டிகள்தான். காற்றுக்கு நல்ல தீனி. எல்லோரும் பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கினார்கள். டெல்மர் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, குன்றுகளுக்குப் பின்னால் ஒரு சரளைச் சாலை போகிறது, காற்று அங்கே அடிக்காது, சுற்றிக்கொண்டு மறுபடி நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம் என்றார். ஏறினார்கள். காற்று அடிக்கவில்லை என்பது உண்மை.

கொஞ்ச தூரம் போனதும் வெர்னா, வண்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவை எடுத்தாள். "டெல்மர், நமக்கு முன்னாடி இந்த ரோட்ல எவனும் போன தடமே இல்லியே."

"மேப்புல இருக்கு வெர்னா."

"மேப்புல லீலண்ட் வீடுகூடத்தான் இருக்கு. நான் போறேனா?"

யாரோ சிரித்தார்கள். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு பக்கம் வெட்டிய குன்று, மறுபக்கம் பனி உருகி ஊறிய பள்ளம். நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குச் சாலை. எண்ணெய்க் கிணறு தோண்டச் சமப்படுத்திய ஒரு மேடை வலப்பக்கம் வந்தது, அதையும் தாண்டினார்கள். பிறகு ஒரு மைலுக்கு மேல் இருக்கும். வரிசை நின்றது. ரேடியோவில் மார்வீனின் குரல் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நாம மாட்டுப்பட்டிக்கு வந்து சேந்துட்டோம். கேட்டு பூட்டியிருக்கு. மாடுங்க நம்மளத்தான் பாக்குது."

வெர்னா எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். திருப்ப இடமில்லை. பின்பக்கமாகத்தான் போகவேண்டும். ஆனால் முக்கால்வாசி வண்டிகள் பின்னால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை. காரைக் கட்டிய வண்டியைப் பின்னால் எடுக்க முடியாது. காரின் முன்சக்கரங்கள் தன்னிஷ்டத்துக்குக் கோணிக்கொள்ளும். ஒவ்வொரு காரையும் கழற்றவேண்டும். அதற்கு முதலில் கடைசி வண்டி நகரவேண்டும்.

"எல்லாரும் அப்படியே இருங்க" என்றாள் ரேடியோவில். "இப்ப முதல் வண்டி நான். நான் சொல்றவரைக்கும் ஒருத்தரும் கியரத் தொடாதீங்க. டெல்மர், நீயும்தான்."

"நான் எங்க தொடறது. முன்னாடி கேட்டு."

பின்னால் எடுத்தாள். பழைய டிரெய்லராக இருந்தால் மடக்கி, நேராக்கி, இறங்கிப் பார்த்து, மறுபடி மடக்கி, இருட்டுவதற்குள் மேடைக்குப் போயிருக்க முடியாது. இது வண்டியோடு வண்டியாகப் போனது. சிறு சக்கரங்கள் தாமாகச் சுழன்று சரளையில் கரகரத்தன. ஒன்றுதான் ஜாக்கிரதை. முன்னால் ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தாலும் பின்னால் நீண்டிருக்கும் பைக் எதிர்ப்பக்கம் பெரிதாக வீசும். வாங்கிய வாரத்திலேயே ஒரு பெட்ரோல் நிலையத்துக் கம்பத்தை அப்படித் தட்டியிருக்கிறாள். பள்ளத்தின் பக்கம் அந்த வீச்சுப் போகாதபடி, குன்றை உரசுகிற மாதிரி ஒட்டியே வந்தாள். கழுத்து வலித்தது. மேடையில் ஏறி ஓரமாக நிறுத்தினாள்.

அங்கே யாரும் இல்லை. காற்றும் ஒரு பழைய குழாயும்தான். பட்டைகளை அவிழ்த்தாள். பலகையைப் போட்டாள். எஞ்சின் அணைந்திருக்க, முதல் கியரில் வைத்து, கிளட்சை விட்டுவிட்டுப் பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பின்னால் விட்டாள். பின்பக்கமாக இறங்கும்போது முன் பிரேக்கை நம்பக் கூடாது. எடை முழுதும் பின்சக்கரத்தில் இருக்கும், முன்சக்கரம் பலகையில் சறுக்கிக்கொண்டு வரும். பைக் சத்தமில்லாமல் தரைக்கு வந்தது. கச்சிதமான வேலை. பார்க்க டெல்மர் இல்லை. அவளுக்கு அதுகூடச் சிரிப்பாக இருந்தது. கிளப்பிக்கொண்டு வரிசையை நோக்கிப் போனாள்.

அங்கே எல்லோரும் இறங்கி நின்று ஒரே நேரத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கார்களைக் கழற்றப் பார்த்தால் இணைப்புப் பின்கள் வரவில்லை. வண்டி கோணலாக நின்றதால் இறுகிக் கிடந்தன. ஹால்வர்சன் சுத்தியலைத் தேடினார்.

"சுத்தியல உள்ள வைங்க. கார்ல ஏறி ஸ்டியரிங்க நேராக்கி முன்ன பின்ன ஒரு ஆட்டு ஆட்டுங்க. தானா லூசாகும்."

லூசானது. கார்கள் சின்னவை; நாலைந்து தடவை முன்னும் பின்னும் எடுத்து அவை திரும்பிக்கொண்டன. அடுத்தது கேம்பர்கள். கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக. முதலில் கார்லா, அவளுக்குப் பழக்கம் உண்டு, வந்துவிட்டாள். அடுத்த வண்டியில் கணவர் உள்ளே, மனைவி பின்னால் நின்று, நீரில் முழுகுகிறவள்போல இரண்டு கையையும் வீசினாள். வண்டி பள்ளத்தைப் பார்த்து வந்தது. "எந்தப் பக்கம்னு சொல்லேன்!" என்று அவர் கத்த, "நான் காட்டறதத்தான் நீ பாக்க மாட்டியே, முப்பது வருஷமா!" என்று அவள் கத்தினாள்.

வெர்னா பைக்கைக் குறுக்கே நிறுத்தினாள். "போதும். புருஷன் பொண்டாட்டி சேந்து இன்னிக்கு ஒரு வண்டியும் பின்னால எடுக்கக் கூடாது. ஆள மாத்துங்க. கார்லா, நீ இவருக்குக் கை காட்டு. கை வீசினது போதும், நீ ஹால்வர்சன் வண்டிக்குப் போ. மார்வீன், நீ டெல்மர் பக்கமே போகாதே."

"ஏன், நான் சொன்னா அவர் கேக்க மாட்டாரா?"

"கேட்டிருந்தா இங்க வந்திருப்பாரா?"

"நானும் மேப்பப் பாத்தேனே" என்றாள் மார்வீன், கொஞ்சம் தணிந்த குரலில்.

ஆளை மாற்றியதும் சத்தம் அடங்கிவிட்டது. அடுத்த வீட்டு மனைவி சொன்னால் எல்லா ஆண்களும் கேட்டார்கள். "சரிங்க", "நன்றிங்க" என்றுகூடச் சொன்னார்கள். வெர்னா ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் பைக்கில் போய், பள்ளத்தின் ஓரம் கரைந்திருந்த இடங்களில் நின்று கையை உயர்த்தினாள். அந்த வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு அடுத்ததற்குத் திரும்பினாள். புழுதி பல்லில் நறநறத்தது. டெல்மரின் வண்டிதான் கடைசியில் வந்தது. மேடையில் இறங்கியவர் தொப்பியைக் கழற்றிப் புழுதியைத் தட்டினார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குள் மேடையில் நாற்காலிகள் விரிந்துவிட்டன. இந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட இடம் கிடைத்தால் போதும். யாரோ காப்பி போட்டிருந்தார்கள். ஒருத்தி இனிப்புத் துண்டுகள் இருந்த டப்பாவைச் சுற்றுக்கு விட்டாள். எந்த முகாமிலும் ஒருவர் வண்டியை நிறுத்தும்போது மற்றவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். தொலைக்காட்சியைவிட அது நல்ல பொழுதுபோக்கு. இப்போது வெர்னா பைக்கைத் தள்ளிக்கொண்டு டிரெய்லருக்குப் போனதும் எல்லா நாற்காலிகளும் அந்தப் பக்கம் திரும்பின. என்ன விஷயம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டெல்மர் சற்றுத் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேடை பார்வைக்குச் சமம். உண்மையில் பள்ளத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. குன்றின் மறைவும் அங்கே இல்லை. கேம்பரை நகர்த்தி வேறு மாதிரி நிறுத்தலாமா என்று யோசித்தாள். பத்து வண்டிகள் சுற்றிலும் நின்றன, நகர்த்த இடமில்லை. கூடையைக் கவிழ்த்து வைத்தாள். எஞ்சினைக் கிளப்பி, முதல் கியர் போட்டு, பக்கத்தில் நடந்தபடி ஏற்றினாள். முன்சக்கரம் பலகையின் உச்சியைத் தாண்டியது. வலது காலைக் கூடையில் வைத்தாள். இடது காலைத் தட்டில் வைத்து எழும்பினாள்.

முழங்கால் எழும்பவில்லை.

அதே நேரம் காற்று ஒரு தள்ளு தள்ளியது. பைக் அவள் பக்கம் சாய்ந்தது. முன் பிரேக்கை அழுத்தினாள். எஞ்சின் திணறி நின்றது. இப்போது பைக் பாதிப் பலகையில். அவள் ஒரு கால் கூடையிலும் ஒரு கால் தட்டிலுமாக, தோளை முட்டுக்கொடுத்து நின்றாள். மேலேயும் போக முடியாது, கீழேயும் விட முடியாது. இப்படிக் கொஞ்ச நேரம் நிற்கலாம். அதற்குமேல் பைக் விழும். விழுந்தால் அவள்மேல்தான் விழும்.

யாரும் வரவில்லை. எல்லோரும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, பாதியிலேயே நின்றார்கள். டெல்மர் ஒரு எட்டு வைத்துவிட்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. தொட்டால் அவளுடைய வால் போய்விடும் என்றுதான் அவர்கள் தொடவில்லை. அவளுக்காகவே நிற்கிறார்கள். அவள் போட்ட விதி அத்தனை பேரையும் ஆணியடித்து வைத்திருந்தது.

டிரெய்லரின் அந்தப் பக்கம் எல்டன் நின்றிருந்தார். வழக்கம்போல பட்டைகளைக் குறை சொல்ல வந்தவர்.

"எல்டன்" என்றாள். "அந்தப் பக்கம் ஹேண்டிலப் பிடிங்க."

"என் கை நடுங்குமேம்மா."

"நடுங்கட்டும். தள்ளவேண்டாம். சாயாமப் பிடிச்சாப் போதும்."

கைத்தடியைக் கீழே போட்டார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றினார். அவருடைய நடுக்கம் இரும்பு வழியாக அவள் உள்ளங்கைக்கு வந்தது. பைக் குளிரில் நிற்கும் மாட்டின் தோல்போல அதிர்ந்தது, ஆனால் நிமிர்ந்தது. தோளிலிருந்து எடை இறங்கியதும் வெர்னா காலை மாற்றினாள். வலது காலைத் தட்டில் வைத்து எழும்பி, இடதை அப்புறம் இழுத்துக்கொண்டாள். கிளட்சைப் பிடித்து எஞ்சினை மறுபடி கிளப்பினாள்.

"இப்ப கிளட்ச விடு. மெதுவா" என்றார் எல்டன்.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா விடேன்."

எஞ்சின் பிடித்தது. பைக் ஏறி, முன்சக்கரம் தட்டிலிருந்த பிடிக்குள் போய் உட்கார்ந்தது. யாரோ கைதட்ட ஆரம்பித்து, தட்டலாமா என்று தெரியாமல் நிறுத்தினார்கள்.

வெர்னா தட்டின் ஓரத்திலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு டெல்மரைப் பார்த்தாள்.

"பாத்தியா?"

"புழுதி கண்ணுல விழுந்துடுச்சு வெர்னா. நான் ஒண்ணும் பாக்கல."

"பொய் சொல்லாதே. உனக்கு வராது. தனியா ஏத்த முடியல. எல்டன் பிடிச்சார்."

டெல்மர் கையிலிருந்த தொப்பியின் புழுதியை மறுபடி தட்டினார்.

"அந்த விதிய நான் ஏன் சொன்னேன்னு எல்லாருக்கும் தெரியும். வால் எனக்கு வேணும்னுதான் சொன்னேன். இப்பவும் வேணும். அதனால விதிய மாத்தறேன். வால்ல ரெண்டு பேர் இருக்கலாம்."

"அதுக்குக் கூட்டம் போட்டுப் பேசணுமே."

"கூட்டந்தான் நாற்காலி போட்டு உக்காந்திருக்கே. யாருக்காவது வால் வேணுமா? கை தூக்குங்க."

புழுதி படிந்த முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஹால்வர்சன் காதைச் சொறியக் கையைத் தூக்கினார். அவர் மனைவி வெடுக்கென்று இழுத்துக் கீழே போட்டாள்.

"ஆமா, அந்த ரெண்டாவது ஆள் யாரு?" என்றார் டெல்மர்.

"எல்டன்."

"என்னை யாரும் கேக்கலியே" என்றார் எல்டன். குனிந்து கைத்தடியை எடுக்க முயன்றுகொண்டிருந்தார்.

"கேக்கணுமா?"

"கேக்கணும்."

வெர்னா எழுந்து நின்றாள். "எல்டன், என்கூட வால்ல வரீங்களா?"

அவர் முதலில் கைத்தடியை எடுத்து ஊன்றிக்கொண்டார். "அன்னிக்குக் கூட்டத்துல நீ பேசினதும் 'சரியான பேச்சு'ன்னேன். எட்டு வருஷமா அத நெனச்சு நெனச்சுக் கடுப்பா இருக்கேன்."

"அப்பவே திட்டியிருக்கலாமே."

"அப்ப வாயில குக்கி இருந்துச்சு."

மார்வீன் சத்தமாகச் சிரித்தாள். கார்லா முன்னால் வந்தாள். "அப்பா, மாத்திரை வேளை யார் பாப்பாங்க? உங்களுக்கு முன் சீட்ல முதுகு வலிக்கும்."

"பின் சீட்ல எட்டு வருஷமா வேற எடம் வலிக்குது" என்றார்.

டெல்மர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சேத்து உருப்படியா எத்தனை கை, எத்தனை கால் இருக்கு?"

"ஒரு பைக்குக்குப் போதும். இப்பத்தான் பாத்தே."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "சரி. ஏறுங்க ரெண்டு பேரும். ராத்திரிக்குள்ள ஷொஷோனி ஊருக்குப் போயிடணும். வந்த வழியே போறோம். பெட்ரோல் பங்க்ல நின்னு காத்து அடங்கறவரைக்கும் இருப்போம்."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள் மார்வீன்.

கார்களை மறுபடி கட்டினார்கள். நாற்காலிகள் மடிந்தன. எல்டன் மகளின் வண்டியிலிருந்து தலையணையையும் ஒரு பை சூரியகாந்தி விதையையும் எடுத்துக்கொண்டு வந்தார். கார்லா பின்னாலேயே மாத்திரை டப்பாவோடு வந்து, எது எப்போது என்று வெர்னாவிடம் இரண்டு தடவை சொன்னாள். அவர் ஏறி உட்கார்ந்து, இருக்கையை முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, கடைசியில் முன்பு இருந்த இடத்திலேயே விட்டார். பிறகு கையை நீட்டி உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார்.

"அதுல கை வைக்காதீங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"உங்களுக்குத் தெரியவேண்டாம். அது ஓட்டறவங்களுக்கு."

"வாலுக்குப் பின்னாடி பாக்கவேண்டாமா?"

"நான் பாப்பேன்."

வண்டிகள் ஒவ்வொன்றாக மேடையிலிருந்து இறங்கிச் சாலையில் சேர்ந்தன. முதலில் டெல்மர்; பக்கத்தில் மார்வீன், வரைபடத்தைப் பார்த்தபடி. ஹால்வர்சன். மற்றவர்கள். கார்லா கடைசியாக இறங்கினாள். ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வெர்னா எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தாள்.

எல்டன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். தலையை வெளியே நீட்டி, காற்றில் முடி பறக்க, பின்னால் சாலையை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். கேட்டுப் பக்கம் வரைக்கும் பார்த்தார்.

"யாரும் விடுபடல" என்றார். "போ."